பழைய ஹெலிகாப்டருக்குப் புதிய முழங்கை

ஒரு பொம்மையை ஒரு தடவை விற்பதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது? அது யாருக்கும் வரும். அதே பொம்மையை, அதே ஆளுக்கு, அவர் அரைக்கால் சட்டை போட்ட வயதில் ஒரு தடவையும் தலை நரைக்கும் வயதில் மறுபடியும் விற்று, இரண்டு தடவையும் அவரிடமே நன்றியும் வாங்கிக்கொள்வதற்குத்தான் தனி மேதைமை வேண்டும். அந்த மேதைமை முழுமையாகக் குடிகொண்டிருக்கும் இடம், டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளைச் செய்யும் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவும் ஜப்பானின் தகாரா டோமியும். இவர்களைக் குறை பேசுவதையே தொழிலாகக் கொண்ட கூட்டம் ஒன்று உண்டு. அதோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நான் பாராட்ட வந்தவன்.

பாராட்டுக்கு எடுத்துக்கொண்டிருப்பது வோர்டெக்ஸ் என்கிற ஒற்றை ஹெலிகாப்டர். 1986-ல் வந்தது. சாம்பலும் ஊதாவுமாக, உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற பொம்மை. மடக்கித் திருப்பினால் ரோபோ. இன்னொரு விதமாக மடக்கினால் புரூட்டிகஸ் என்ற பூதத்தின் கை, அல்லது கால். ஆன்ஸ்லாட் என்ற ராணுவ லாரி உடம்பாக நிற்க, பிரால் என்ற டாங்கியும் ஸ்விண்டில் என்ற ஜீப்பும் பிளாஸ்ட் ஆஃப் என்ற விண்வெளி ஓடமும் நம் வோர்டெக்ஸும் அதன் நான்கு மூலைகளில் எங்கே வேண்டுமானாலும் செருகிக்கொள்ளலாம். விண்வெளி ஓடமும் ஜீப்பும் கிட்டத்தட்ட ஒரே பருமன். அதைப் பற்றி எந்தக் குழந்தையும் புகார் செய்ததாகக் கேள்வி இல்லை.

வோர்டெக்ஸுக்குத் தோள் மட்டும்தான் ஆடும். முழங்கை கிடையாது, இடுப்பு கிடையாது, கழுத்து கிடையாது. நிற்கும்; கையைத் தூக்கும்; அவ்வளவுதான். ஆனால் அதற்கு ஓர் உத்தியோகம் உண்டு. கதைப்படி அது விசாரணை அதிகாரி. பிடிபட்ட எதிரிகளைத் தன் வயிற்றில் ஏற்றிக்கொண்டு, வானத்தில் தாறுமாறாகப் பறந்து, குலை நடுங்க வைத்து, உள்ளே இருக்கும் ரகசியத்தையெல்லாம் கக்க வைப்பது அதன் வேலை. ஆளை ஏற்றிக் கிறுகிறுக்கச் சுற்றி, இருப்பதையெல்லாம் கொட்டவைத்து இறக்கிவிடும் இந்தத் தொழிலை ஒரு கம்பெனி தன் பொம்மைக்கு எழுதிக் கொடுத்தது என்றால், எழுத்தாளர்கள் சொல்வார்களே, சொந்த அனுபவத்திலிருந்துதான் எழுத வேண்டும் என்று, அந்த நேர்மையை நாம் மெச்ச வேண்டும்.

இந்தக் குடும்பத்தின் பூர்வீகமும் உயர்ந்தது. 1984-ல் ஹாஸ்ப்ரோ டிரான்ஸ்ஃபார்மர்ஸைக் கொண்டுவந்தபோது புதிதாக ஒரு பொம்மையையும் செய்து மெனக்கெடவில்லை. ஜப்பானில், பின்னாளில் தகாரா டோமி ஆன தகாரா ஏற்கெனவே ‘டயாக்ளோன்’ என்றும் ‘மைக்ரோ சேஞ்ச்’ என்றும் விற்றுக்கொண்டிருந்த பொம்மைகளுக்கு வேறு பெயர், வேறு பகை, வேறு கதை கொடுத்தது. இந்த உறவுக்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர் ஹென்றி ஓரன்ஸ்டைன். நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிர் பிழைத்து வந்த மனிதர். பிற்காலத்தில் போக்கர் மேசையில் ஆட்டக்காரரின் மறைத்த சீட்டைத் தொலைக்காட்சிப் பார்வையாளருக்குக் காட்டும் கேமராவுக்குக் காப்புரிமை வாங்கியவரும் அவரே. மறைத்து வைத்திருக்கும் சீட்டின் மதிப்பு தெரிந்தவர் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

தகாராவின் பொம்மைகள் போதவில்லை என்றதும் ஹாஸ்ப்ரோ பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் வாரி அணைத்தது. 1985-ல் வந்த வேர்ல் என்ற இன்னொரு ஹெலிகாப்டர் ரோபோ, ‘டார்வாக்’ என்ற ஜப்பானியக் கார்ட்டூனுக்காகத் தகாட்டோகு என்ற வேறொரு கம்பெனி செய்தது. தகாட்டோகு 1984-லேயே நொடித்துப்போனது. அதன் அச்சுகள் தகாராவின் போட்டியாளரான பண்டாயிடம் போய்ச் சேர்ந்தன. ஆகவே வேர்ல் கடையில் விற்றது, கார்ட்டூனில் தலைகாட்டவில்லை. யார் பெற்ற பிள்ளை என்று கேட்காமல் சோறு போட்டு, குடும்பப் படம் எடுக்கும்போது மட்டும் சற்றுத் தள்ளி நிற்கச் சொன்ன அந்தத் தாயுள்ளத்தை என்னவென்று புகழ்வது!

வோர்டெக்ஸ் கடைக்கு வந்த அதே 1986-ன் ஆகஸ்டில் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்: தி மூவி’ திரைக்கு வந்தது. புதிய பொம்மைகளுக்கு அலமாரியில் இடம் வேண்டும் என்பதற்காக, பழைய நாயகர்களைத் திரையிலேயே வரிசையாகக் கொன்றார்கள். அவர்களின் தலைவன் ஆப்டிமஸ் பிரைம் மருத்துவ மேடையில் உயிர்விட, கொட்டகையில் குழந்தைகள் அழுதார்கள். பெற்றோரின் எதிர்ப்பு பலமாக இருந்ததால் தொலைக்காட்சித் தொடரில் பிரைமைப் பிறகு எழுப்பிக் கொண்டுவர வேண்டியதாயிற்று. இன்று மறுவெளியீட்டுப் பெட்டிகளில் அதிகம் வருபவர்கள் யார் என்று பாருங்கள். அன்று கொல்லப்பட்டவர்களும், அவர்கள் இடத்துக்கு வந்தவர்களும்தான். கொன்றவரே கூடமாட இருந்து திதியும் கொடுத்து, அதற்குத் தட்சிணையும் வாங்கிக்கொள்ளும் இந்தப் பொறுப்புணர்ச்சி எல்லாருக்கும் வந்துவிடாது.

சரி, நம் ஹெலிகாப்டரின் மறுபிறவிகளுக்கு வருவோம்.

1993-ல் ‘ஜெனரேஷன் 2’ என்று பலகை மாட்டினார்கள். இரண்டாம் தலைமுறை என்றால் மகன் பிறந்திருக்க வேண்டும். இங்கே அப்பாவையே சாயத்தில் முக்கி மகன் என்றார்கள். ஆப்டிமஸ் பிரைம் அதே அச்சில், ஒலி எழுப்பும் பெட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு வந்தது. வோர்டெக்ஸும் தோழர்களும் 1994-ல் புது நிறத்தில் இறங்கினார்கள். ராணுவ வாகனம் என்றால் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்வதற்குத்தானே வண்ணம் பூசுவார்கள்? ஜெனரேஷன் 2 அந்தப் பழைய மூடநம்பிக்கையை உடைத்தது. அடுத்த தெருவிலிருந்தே தெரியும் நிறங்கள் அதன் அடையாளமாயின.

2000-ல் ஜப்பானில் ‘கார் ரோபோட்ஸ்’ தொடருக்காக அதே ஐவர் பால்டிகஸ் என்ற பெயரில் வந்தார்கள். 2001-ல் அமெரிக்காவில் பூதத்துக்கு ருயினேஷன் என்று பெயர். வோர்டெக்ஸுக்கு இப்போது பெயர் ரோ-டோர். சுழலும் இறக்கை உள்ள ஹெலிகாப்டருக்கு ரோட்டார் என்று பெயர் வைத்து, நடுவில் ஒரு கோடு இழுத்துவிட்டால் அது வீரனின் பெயராகிவிடுகிறது. இவ்வளவு சிக்கனமாகக் கற்பனையைச் செலவழிக்கத் தெரிந்தவர்கள் பங்குதாரர்களின் பணத்தை வீணடிப்பார்கள் என்று நினைக்கவே இடமில்லை.

எஃகு அச்சு என்பது ஒவ்வொரு முறை உருகிய பிளாஸ்டிக் உள்ளே பாய்ந்து வெளியே வரும்போதும் கொஞ்சம் தேயும். விளிம்பில் பிசிறு தட்டும். செருகும் முளை தளரும். கூட்டு ரோபோக்களின் முதல் ஈடுகளில் ஆங்காங்கே இருந்த உலோகத் துண்டு பிறகு வந்தவற்றில் பிளாஸ்டிக்காகிவிட்டது. 1980-களில் ஜப்பானியப் பொம்மை என்றால் கையில் எடுத்ததும் ஒரு கனம் தெரியும், ஜில்லென்று இருக்கும். அந்தக் கனத்தை எடுத்துவிட்டதை நான் அருட்செயலாகவே பார்க்கிறேன். வாங்குகிறவரின் பையில் கனம் குறையும்போது பொம்மை மட்டும் கனமாக இருந்தால் இழைவு கெட்டுவிடும் அல்லவா?

பாதுகாப்பு என்ற தலைப்பில் மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சட்டத்தை நான் கேலி செய்யவில்லை. 1970-களின் இறுதியில் வேறொரு பொம்மை விண்கலம் எய்த சின்னஞ்சிறு ஏவுகணை தொண்டையில் சிக்கி அமெரிக்காவில் ஒரு சிறுவன் இறந்தான். அதற்குப் பிறகு எய்யும் பொம்மைகள் எல்லாம் கண்காணிப்புக்கு வந்தன. 2007-ல் ஈயப் பெயிண்ட் விவகாரத்தில் லட்சக்கணக்கான பொம்மைகள் திரும்பப் பெறப்பட்டன. மறு ஆண்டே சட்டம் வந்து, பெயிண்டில் இருக்கலாம் என்று விட்டிருந்த ஈயத்தின் அளவு 600 பிபிஎம்-லிருந்து 90-க்கு இறங்கியது. தேவையான சட்டங்கள். தாமதமாக வந்தவை என்றுகூடச் சொல்லலாம்.

ஹாஸ்ப்ரோவின் பெருமை அது அல்ல. தகாராவின் மூலப் பொம்மைகளில் வில்லுச் சுருள் பலமானது, ஏவுகணை பாயும். கடல் கடந்து ஹாஸ்ப்ரோ பெட்டிக்குள் வந்ததும் சுருள் சோர்ந்துவிட்டது. குழந்தை பொத்தானை அமுக்கினால் ஏவுகணை நழுவி மடியில் விழும். ‘டுமீல்’ என்ற சத்தத்தைக் குழந்தையே வாயால் போட்டுக்கொள்ளும். 2002-ல் டாய்ஸ் ஆர் அஸ் கடைகளுக்காக மறுவெளியீடு செய்தபோது ஆப்டிமஸ் பிரைமின் புகைபோக்கிகள் குட்டையாகின. விமான ரோபோக்களின் ஏவுகணைகள் நீண்டு வளர்ந்தன. எது நீளமாக இருந்ததோ அது குட்டை, எது குட்டையோ அது நீளம். வாங்கியவர்களில் பெரும்பாலானோர் முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் புகைபோக்கியால் கண்ணைக் குத்திக்கொள்வார்களோ, ஏவுகணையை விழுங்கிவிடுவார்களோ என்று கவலைப்பட ஒரு கம்பெனி இருந்தது என்பதே மனத்துக்கு இதமாக இருக்கிறது.

உண்மையில் பாதுகாப்புக்கு இவர்கள் கண்ட நிரந்தரத் தீர்வு வேறு. சேகரிப்பாளர்களுக்கான வரிசைகளில் விலையைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்தார்கள். ஜப்பானின் ‘மாஸ்டர்பீஸ்’ வரிசைப் பெட்டியில் 15 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று போட்டிருக்கும். கீழே வைத்தால் குழந்தை எடுக்கும். எடுத்தால் இறக்கையை உடைக்கும். கண்ணாடி அலமாரிக்குள் நாற்பது வயதுக்காரரின் மேற்பார்வையில் வைத்துவிட்டால் யாருக்கும் ஆபத்தில்லை. விளையாடுவது என்ற பழைய நோயிலிருந்து பொம்மைக்கு முழு விடுதலை கிடைத்துவிட்டது.

2015-ல் வோர்டெக்ஸுக்கு நடந்ததுதான் இந்தப் புராணத்தின் உச்சம். ‘காம்பைனர் வார்ஸ்’ என்ற வரிசை. இப்போது பழைய அச்சு இல்லை, புதிதாக வடிவமைத்தார்கள். முழங்கை வந்தது. முழங்கால் வந்தது. தலை திரும்பியது. பூதத்தின் கைக்கும் காலுக்கும் துப்பாக்கிக்கும் ஒரே ஒரு துண்டு: விரித்தால் கை, நிறுத்தினால் பாதம், பிடித்தால் ஆயுதம். எதையும் தொலைக்க முடியாது. ஏனெனில் எதுவும் முழுசாக எதுவாகவும் இல்லை.

புதிய ஹெலிகாப்டர் அச்சு ஒன்று கிடைத்ததும் ஹாஸ்ப்ரோ காட்டிய சமரச சன்மார்க்கத்தைச் சொல்லியாக வேண்டும். முதலில் அந்த அச்சில் வந்தது வோர்டெக்ஸ் அல்ல. ஆல்ஃபா பிராவோ என்ற, அதுவரை யாரும் கேட்டிராத ஆசாமி. ஐந்து விமானங்கள் சேர்ந்து ஆகும் சுப்பீரியன் என்ற பூதத்தில், ஸ்லிங்ஷாட் என்ற விமானத்தை வெளியே உட்காரவைத்துவிட்டு இந்த ஹெலிகாப்டரைச் சேர்த்தார்கள். பிறகு அதே உடம்பில் சில மாற்றங்களோடு மீட்புப் படையின் பிளேட்ஸ் வந்தது. பிறகு வில்லன் அணியின் வோர்டெக்ஸ். நல்லவன், ரொம்ப நல்லவன், கெட்டவன் மூவருக்கும் உடல் ஒன்றே, சாயம்தான் வேறு என்ற வேதாந்தத்தை இவ்வளவு மலிவாக வேறு யார் போதித்திருக்கிறார்கள்? வெளியே உட்கார்ந்திருந்த ஸ்லிங்ஷாட்டும் பின்னால் வந்தது. பெயர் மட்டும் குவிக்ஸ்லிங்கர். ஐந்து விமானங்களும் வேண்டும் என்று அடம்பிடிப்பவர் ஆறு பொம்மை வாங்கியிருப்பார்.

பிளாஸ்ட் ஆஃப் கதை இன்னும் விசேஷம். ஹாஸ்ப்ரோவின் 2015 புரூட்டிகஸில் அந்த விண்வெளி ஓடம் சாதாரண ஜெட் விமானமாக இறங்கியது. அந்த ஸ்லிங்ஷாட் அச்சுக்கே வேறு சாயம். ஓடமாகவே வேண்டும் என்றவர்கள் தகாரா டோமியின் ‘யுனைட் வாரியர்ஸ்’ பெட்டியை ஜப்பானிலிருந்து வரவழைத்துக்கொண்டார்கள். ஒரே பூதத்தை இரண்டு கண்டங்களில் இரண்டு தடவை வாங்கும் வாய்ப்பை ஏற்படுத்திக் கொடுத்ததற்கு ரசிகர்கள் என்ன கைம்மாறு செய்ய முடியும்?

பழைய அச்சுக்கு வேறு நாட்டில் வேறு வாழ்க்கை அமைவதும் உண்டு. 1980-களின் இறுதியில் எம்.ஆர்.எஃப்-உம் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து தொடங்கிய ஃபன்ஸ்கூல், ஜி.ஐ. ஜோ வீரர்களை இந்தியாவில் வார்த்து, அமெரிக்கா கனவிலும் காணாத நிறங்களில் விற்றது. யாரும் அதை ‘சேகரிப்பாளர் பதிப்பு’ என்று சொல்லவில்லை, பெட்டியில் தங்க எழுத்தும் இல்லை. பிள்ளைகள் மண்ணில் போட்டுப் புரட்டினார்கள். இன்று அந்த விநோத நிறங்களைத் தேடி வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அலைகிறார்கள். திட்டமிடாமல் அபூர்வமாகிவிட்ட அந்தப் பொம்மைகளைப் பார்த்து, திட்டமிட்டு அபூர்வமாக்கும் நிபுணர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. அவர்கள் நிபுணர்கள்; இது தற்செயல்.

திட்டமிடலுக்கு ஓர் உதாரணம் 2018. ஸ்டார்ஸ்க்ரீம், ஹாட் ராட் போன்ற பழைய பொம்மைகள் பழைய படத்தோடு, பழைய வடிவப் பெட்டியில் திரும்பின. அமெரிக்காவில் வால்மார்ட்டில் மட்டும். பெட்டியைப் பார்த்தால் முப்பது வருஷம் பின்னால் போய்விடலாம். பெட்டிக்குக் காட்டிய பக்தியில் பாதியை உள்ளே இருப்பதன் மூட்டு இறுக்கத்துக்குக் காட்டியிருந்தால் பெட்டியின் முக்கியத்துவம் குறைந்துபோயிருக்கும், தெரிந்துதான் செய்திருப்பார்கள்.

இன்னொன்று 2019. யூனிக்ரான் என்ற கோள் விழுங்கி. அதைச் செய்ய 8,000 பேர் முன்வர வேண்டும், தலைக்கு 575 டாலர் என்றது ஹாஸ்ப்ரோ. வருஷத்துக்குப் பல நூறு கோடி டாலர் வியாபாரம் செய்யும் நிறுவனம், ரசிகர்களின் வாக்குறுதியை முதலில் கையில் வாங்கிக்கொண்டு பிறகு அச்சு வெட்டத் தொடங்கியது. கெடு முடிந்தும் எண்ணிக்கை சேரவில்லை; கெடுவை நீட்டினார்கள்; சேர்ந்தது. கடையில் போய் வாங்கினால் வாடிக்கையாளர். பொம்மை பிறப்பதற்கு முன்பே கையெழுத்துப் போட்டால் ‘ஆதரவாளர்’. அந்தப் பட்டத்துக்குத் தனியாகக் கட்டணம் வாங்காததைக் கவனிக்க வேண்டும்.

இப்போது 2024 முதல் தகாரா டோமி ‘மிஸ்ஸிங் லிங்க்’ என்றொரு வரிசை நடத்துகிறது. நாற்பதாம் ஆண்டு நினைவு. வெளித்தோற்றம் அப்படியே 1984 பொம்மை; உள்ளே மூட்டுக்கு மூட்டு அசைவு. ஜப்பானில் கான்வாய் என்று பெயர் பெற்ற ஆப்டிமஸ் பிரைம் முதலில் வந்தது. உள்ளபடியே நேர்த்தியான வேலை. இதை வஞ்சமில்லாமலே சொல்கிறேன். அசையாத ஒன்றை அசையாதது போலவே வைத்துக்கொண்டு அசைய வைப்பது பொறியியலில் சின்ன விஷயமில்லை. வோர்டெக்ஸுக்கும் இந்த வைத்தியம் நடந்தால், சாம்பலும் ஊதாவுமாக, 1986-ன் முகத்தோடு, முழங்கையை மடக்கி இடுப்பில் கை வைத்து நிற்கும். அன்று தோள் மட்டும் ஆடிய பொம்மை சண்டை போட்டது, பறந்தது, கைதிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டது. எல்லாவற்றையும் அதைப் பிடித்திருந்த கை செய்தது. தொண்டை விசிறிச் சத்தம் போட்டது. இன்று அந்த வேலையையெல்லாம் மூட்டுகள் ஏற்றுக்கொண்டுவிட்டன. ஒருமுறை நல்ல தோரணையில் நிறுத்தி, படம் எடுத்துவிட்டால் போதும். பொம்மை சகலமும் செய்யக் கற்றுக்கொண்டது. நமக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இதைவிடப் பெரிய சேவை இருக்க முடியுமா?

நன்றிக்கடனாகச் சிலை வைப்பதென்றால் ஆப்டிமஸ் பிரைமுக்கு வைப்பார்கள். அது தவறு. வைக்க வேண்டியது வோர்டெக்ஸின் சகா ஸ்விண்டிலுக்கு. கார்ட்டூனின் ‘பி.ஓ.டி.’ என்ற அத்தியாயத்தில் புரூட்டிகஸ் நொறுங்கி விழுகிறது. தப்பிய ஸ்விண்டில் உட்கார்ந்து அழவில்லை. கூட்டாளிகளின் உதிரிகளைப் பொறுக்கி, ஆள் பார்த்து, விலை பேசி விற்றுவிடுகிறது. வோர்டெக்ஸும் அப்படித்தான் துண்டு துண்டாகப் போயிற்று. வில்லன் அணித் தலைவன் மெகட்ரான் கழுத்தைப் பிடித்ததும், விற்ற இடத்துக்கெல்லாம் போய் அதே உதிரிகளைத் திரும்பச் சேகரித்து, பூதத்தை மறுபடி நிறுத்தப் பாடுபடுகிறது. 1986-லேயே ஹாஸ்ப்ரோ தன் எதிர்காலத் திட்டத்தை இவ்வளவு வெளிப்படையாகக் குழந்தைகளுக்குச் சொல்லிவிட்டது. சிலையை ஐந்து பாகமாக வார்த்து, ஆண்டுக்கு ஒன்றாக, முன்பணம் கட்டியவர்களுக்கு அனுப்பலாம். தலை மட்டும் தனி வெளியீடு. அதுவும் ஒரே ஒரு கடைத் தொடரில், பெட்டியில் பழைய படத்தோடு.